கம்பெனி ஸ்டீரியோவோடு சப்வூஃபர்: ஆழமான பேஸ் வராவிட்டால் எங்கே பார்ப்பது

காரோடு வந்த ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொண்டு டிக்கியில் சப்வூஃபர் (அடி பேஸுக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) மாட்டுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். புதிய கார்களில் வேறு வழியும் குறைவு. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங் பட்டன்கள், வண்டியின் செட்டிங்குகள் எல்லாம் அந்த ஒரே திரைக்குள் பின்னிக் கிடக்கின்றன. அதைக் கழற்றி எறிய யாருக்கும் மனம் வராது. ஆனால் மாட்டி முடித்த பிறகு பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: சத்தம் இருக்கிறது, அடியாழம் இல்லை.

உடனே "பெரிய சப் போடுங்கள், பெரிய ஆம்ப் போடுங்கள்" என்று பேச்சு ஆரம்பிக்கும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்படிப்பட்ட அமைப்பில் குறை பெரும்பாலும் சப்பில் இருப்பதில்லை. ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு, அதாவது சப்பை ஓட்டும் ஆம்ப்ளிஃபையருக்கு, வரும் சிக்னலிலேயே அடி பேஸ் வெட்டுப்பட்டிருக்கும். அல்லது நன்றாக வந்த பேஸ் காருக்குள் கதவு ஸ்பீக்கரோடு மோதி அழிந்துகொண்டிருக்கும். இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சப்பையும் பெட்டியையும் சந்தேகப்பட வேண்டும்.

ஆழமான பேஸ் என்று எதைச் சொல்கிறோம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து கம்பி கிட்டாரில் அது 31 வரை இறங்கும். கிக் டிரம்மின் அடி நெஞ்சில் விழுவது பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள். இன்றைய பாடல்களில் எலக்ட்ரானிக் பேஸ் 30 முதல் 50 வரை ஓடுகிறது. கதவில் இருக்கும் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. எனவே 30 முதல் 80 வரை சப்பின் வேலை. பழைய கேசட் காலத்துப் பதிவுகள் பலவற்றில் 40-க்குக் கீழே பெரிதாக ஒன்றும் இருக்காது, அதை வைத்துச் சோதித்துவிட்டு சப்பைக் குறை சொல்லாதீர்கள்.

சோதிக்கும் முன்

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். 30, 40, 50, 60, 80, 100 ஹெர்ட்ஸ் டோன்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். போனில் இலவச டோன் ஜெனரேட்டர் ஆப்கள் உண்டு. ஆனால் புளூடூத் வழியாகப் போனால் போனின் வால்யூமும் போனுக்குள் இருக்கும் ஈக்குவலைசரும் கூடச் சேர்ந்து குழப்பும். போனைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் அதன் வால்யூமை முழுசாக வைத்து ஈக்குவலைசரை அணைத்துவிடுங்கள்.

ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள் இரண்டும் பூஜ்யம். ஃபேடரும் (முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரிப்பது) பேலன்ஸும் (இடம், வலம் பிரிப்பது) நடுவில். வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடும் வசதி, சரவுண்ட் போன்றவை அணைந்திருக்கட்டும். ஆம்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம், லோ பாஸ் (வைத்த ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) 80-க்குப் பக்கத்தில், சப்சானிக் ஃபில்டர் (வைத்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுவது) இருந்தால் இருப்பதிலேயே கீழே. கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், ஜன்னல் திறந்திருந்தால் முதலில் போவது அடி பேஸ்தான்.

சில நேரம் இந்த அளவிலேயே விடை கிடைத்துவிடும். ஆம்புக்குச் சிக்னல் பின்பக்க ஸ்பீக்கர் வயரிலிருந்து எடுத்திருக்கும், யாரோ ஃபேடரை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அப்போது சப்புக்கு ஒன்றுமே போகாது.

குறைந்த சத்தத்தில் பேஸ் அருமை, வால்யூம் ஏற்றினால் காணவில்லை

கம்பெனி ஸ்டீரியோவுக்கே உரிய குறை இது. காரைச் செய்தவர்கள் தங்கள் சின்ன ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க, வால்யூம் ஏற ஏற ஸ்டீரியோ தானாகவே பேஸைக் குறைக்கும்படி செய்து வைத்திருப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. நம் சப்புக்கு அதுவே வினை. ஸ்டீரியோ மெனுவில் இதற்கு எந்த பட்டனும் இருக்காது. பேஸ் பூஜ்யம் என்று திரை காட்டினாலும் உள்ளே வெட்டு நடந்துகொண்டே இருக்கும்.

ஊகிக்கத் தேவையில்லை, அளந்து பார்க்கலாம். ஆம்புக்குச் சிக்னல் எடுத்திருக்கும் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து, ஏசி வோல்ட்டில் பாருங்கள். ஒரு முனையைக் காரின் பாடியில் வைக்கவே வைக்காதீர்கள். இந்த ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் கிடையாது, அதிலும் ஸ்டீரியோவின் அவுட்புட் ஓடுகிறது. அந்த வயர் பாடியைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடலாம்.

முதலில் 100 ஹெர்ட்ஸ் டோன். வால்யூம் 10, 15, 20, 25 என்று ஏற்றி ஒவ்வொன்றுக்கும் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே 40 ஹெர்ட்ஸில். உயர்ந்த வால்யூமில் ஒவ்வொரு டோனையும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் விடவேண்டாம், கதவு ஸ்பீக்கர் பாவம். 30 ஹெர்ட்ஸை நான் இந்தச் சோதனைக்குச் சொல்லாததற்குக் காரணம் உண்டு: விலை குறைந்த மீட்டர்கள் பல 40-க்குக் கீழே சரியாகக் காட்டுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல.

வால்யூம் 10-இல் இரண்டு டோனும் 1 வோல்ட் காட்டி, 25-இல் 100 ஹெர்ட்ஸ் 6 வோல்ட்டும் 40 ஹெர்ட்ஸ் 2 வோல்ட்டும் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு என்றால் பவரில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆம்பில் எந்தத் திருகைத் திருகினாலும் இந்தப் பள்ளத்தை எல்லா வால்யூமிலும் நிரப்ப முடியாது. 25-க்குச் சரி செய்தால் 10-இல் பேஸ் காதை அடைக்கும்.

செலவில்லாத வழி: வெட்டு எந்த வால்யூமில் ஆரம்பிக்கிறது என்பது உங்கள் அளவுகளிலேயே தெரியும். அதற்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு சப்பைக் கதவு ஸ்பீக்கர்களோடு சமமாக்குங்கள். ஆம்போடு வந்த பேஸ் குமிழைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, சத்தம் ஏற்றும்போது அதையும் ஏற்றுங்கள். மிதமாகக் கேட்பவருக்கு இதுவே போதும்.

செலவு செய்வதாக இருந்தால் இங்கேதான் செய்ய வேண்டும், புது சப்பில் அல்ல. ஸ்பீக்கர் வயரின் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றித் தருவது கன்வர்ட்டர். அதில், வால்யூம் ஏறும்போது ஸ்டீரியோ வெட்டும் பேஸைத் திரும்ப ஏற்றிக் கொடுக்கும் வகைகளும் இருக்கின்றன. ஆடியோகன்ட்ரோல் கம்பெனியின் எல்சி2ஐ அதில் பெயர் பெற்றது, அதிலுள்ள அக்யூபேஸ் வசதி இந்தக் குறைக்காகவே செய்யப்பட்டது. இன்னும் ஒரு படி மேலே போனால் டிஎஸ்பி, அதாவது ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குறைத்து அனுப்பியதைத்தான் இவை கூட்ட முடியும். அறவே அனுப்பாததைக் கூட்ட முடியாது. அது அடுத்த குறை.

டம் டம் என்று அடிக்கிறது, அடியில் ஓடும் உறுமல் இல்லை

80, 60, 50, 40, 30 என்று டோன்களை ஒவ்வொன்றாக ஒரே வால்யூமில் போடுங்கள். எந்த இடத்தில் சத்தம் சட்டென்று விழுகிறது என்பதுதான் துப்பு. காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணரும் என்பதால் 30 கொஞ்சம் மங்கலாகக் கேட்பது இயல்பு. சரிவு வேறு, விழுவது வேறு.

50-க்குப் பக்கத்தில் விழுந்தால் முதலில் ஆம்பின் சப்சானிக் ஃபில்டரைப் பாருங்கள். போர்ட் பெட்டிக்காக (காற்று போய்வரத் துளையோ குழாயோ வைத்த சப் பெட்டி) 45 என்று யாராவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போர்ட் பெட்டி எந்த ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்யப்பட்டதோ அதற்குச் சில ஹெர்ட்ஸ் கீழே இது இருக்க வேண்டும். மூடிய பெட்டி என்றால் தேவையே இல்லை.

அடுத்தது, சிக்னல் எங்கிருந்து எடுக்கப்பட்டது. காரோடு தனி ஆம்பும் பல ஸ்பீக்கர்களும் வந்திருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒலியின் ஒரு துண்டு மட்டும்தான் போகும். டேஷ்போர்டில் இருக்கும் ஸ்பீக்கர் வயரிலோ, சின்னப் பின்கதவு ஸ்பீக்கர் வயரிலோ எடுத்தால் அதில் பேஸே இருக்காது. மேலே சொன்னபடி 40, 100 இரண்டையும் வால்யூம் 10-இல் எல்லா ஸ்பீக்கர் வயர்களிலும் அளந்து, எதில் 40 குறையாமல் வருகிறதோ அதற்கு மாற்றுங்கள். கம்பெனியே சின்ன சப் கொடுத்திருந்தால் அதன் வயர்தான் நல்ல இடம். வயரை வெட்டாமல் கப்ளரோடு (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) இடையில் சொருகும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், வாரண்டி வாக்குவாதம் குறையும்.

மூன்றாவது சந்தேகம், தீப்பெட்டி அளவில் விற்கும் மலிவான கன்வர்ட்டர். அதற்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த ஒலிகளைக் கடத்தத் திணறும். உங்கள் ஆம்பிலேயே ஸ்பீக்கர் வயரை நேராக ஏற்கும் இன்புட் இருந்தால் கன்வர்ட்டரைத் தூக்கிவிட்டு நேராகக் கொடுத்துப் பாருங்கள். பல நேரம் வித்தியாசம் உடனே தெரியும்.

இவையெல்லாம் சரி என்றால் இப்போது பெட்டி. சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு இஞ்ச் மெல்லிய சப்புகள் 40-க்குக் கீழே போகச் செய்யப்பட்டவை அல்ல. பாட்டுக்கு உடம்பு கொடுக்கும், நிலத்தை அதிர வைக்காது. போர்ட் பெட்டி தன் டியூனிங்குக்குப் பக்கத்தில் பலமாக ஒலித்து, அதற்குக் கீழே செங்குத்தாக, ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) சுமார் 24 டெசிபல் என்று விழும். மூடிய பெட்டி 12 டெசிபல் என்று மெதுவாகச் சரியும். இங்கே கார் நமக்கு ஓர் உபகாரம் செய்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 8.6 மீட்டர் நீளம். காருக்குள் அவ்வளவு இடமே இல்லை என்பதால், சின்னக் காரில் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றழுத்தம் கூடி பேஸ் தானாகவே உயர ஆரம்பிக்கும். மூடிய பெட்டியின் சரிவை இந்த உயர்வு பெருமளவு ஈடுகட்டும். 30 ஹெர்ட்ஸ் உறுமல்தான் வேண்டும், கார் ஹேட்ச்பேக் என்றால் என் ஓட்டு மூடிய பெட்டிக்கே. கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் ரெடிமேட் போர்ட் பெட்டிகள் பல மேல் பேஸை உரக்கக் காட்டுவதற்காகச் செய்தவை.

மூடிய பெட்டியில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது சுலபம். கோனை விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி நல்லது. பட்டென்று திரும்பினால் எங்கோ இடுக்கு இருக்கிறது. ஸ்பீக்கரின் விளிம்பும் வயர் வரும் டெர்மினலும்தான் வழக்கமான இடங்கள்.

டிக்கிப் பக்கம் நின்றால் பலமாக இருக்கிறது, ஓட்டுநர் சீட்டில் ஒன்றுமில்லை

சப்பின் கோன் வெளியே தள்ளும் அதே நேரத்தில் கதவு ஸ்பீக்கர் உள்ளே இழுத்தால் இரண்டும் சேரும் இடத்தில் பேஸ் அழியும். அதை ஃபேஸ் கோளாறு என்பார்கள். இதைச் சோதிக்க 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டுவிட்டு நீங்கள் ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள், வேறொருவர் ஆம்பில் 0, 180 ஸ்விட்சை மாற்றட்டும். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி. ஸ்விட்ச் இல்லையென்றால் ஆம்பை அணைத்துவிட்டு சப்பின் பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். டிக்கியில் நின்று கேட்டு முடிவு செய்யாதீர்கள், பாட்டைக் கேட்கப்போவது அங்கே அல்ல.

கடைக்காரர் பிளஸைப் பிளஸிலும் மைனஸை மைனஸிலும்தான் கொடுத்தார் என்பதை வைத்து இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது. கம்பெனி ஸ்டீரியோக்கள் சில, சீட்டுக்கு ஏற்ப ஒலியைத் திருத்துகிறேன் என்று ஃபேஸை ஏற்கெனவே திருப்பி அனுப்புகின்றன. வயரிங் நேராக இருந்தும் ஒலி தலைகீழாக வரும்.

செடான் என்றால் இன்னொரு தடையும் உண்டு. டிக்கிக்கும் உட்புறத்துக்கும் நடுவே சீட்டும் தகடும் நிற்கின்றன. பின்சீட்டை மடக்கியோ, நடுக் கைப்பிடியைத் திறந்தோ கேளுங்கள். பேஸ் பாய்ந்து வந்தால் தடை அதுதான் என்று உறுதியாகிவிடும். பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பி, டிக்கியின் பின்சுவருக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அரை அடி நகர்த்தினால்கூட மாறும், அதனால் பெட்டியைத் திருகி இறுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

ஆரம்பத்திலிருந்தே பலவீனம், கோன் அசைவதே தெரியவில்லை

சப்பில் இரண்டு காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தலைகீழாகக் கொடுக்கப்பட்டிருந்தால் ஒன்று தள்ள, மற்றது இழுக்க, கோன் அப்படியே நிற்கும். ஒரு காயில் மட்டும் இணைக்கப்பட்டிருந்தாலும் பலம் போகும். தலா 4 ஓம் காயில்கள் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸாக இணைத்தால் 8 ஓம். ஆம்ப் 2 ஓமில் தரும் பவரை 8 ஓமில் எதிர்பார்க்க முடியாது. ஆம்ப் வயரைக் கழற்றிவிட்டு மீட்டரில் ஓம் பார்த்தால் சொன்ன அளவைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், 4 ஓம் காயில் மூன்றரை காட்டுவது இயல்பே.

பலமான அடியில் ஆம்ப் அணைந்து வருகிறது, பேஸ் தளர்கிறது

இன்ஜின் ஓடட்டும். பேட்டரி முனைகளில் டிசி வோல்ட் பாருங்கள், பிறகு பாட்டை ஓடவிட்டு ஆம்பின் முனைகளில் பாருங்கள். அடி விழும்போது பேட்டரியைவிட ஆம்பில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரோ எர்த்தோ சரியில்லை. தொடர்ந்து 500 வாட் (ஆர்எம்எஸ்) தரும் கிளாஸ் டி வகை ஆம்ப் முழு அடியில் 45 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குச் செம்பு வயரில் 4 கேஜ் போடுங்கள். கிட்டில் வரும் வயர் பலவும் செம்பு பூசிய அலுமினியம், அதே தடிமனில் கரண்ட்டைக் கடத்தும் திறன் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

எர்த் வயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். ஆம்புக்கு வரும் பவர் வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இல்லையென்றால் பாட்டை நிறுத்திவிட்டு முதலில் அதைப் போடுங்கள். தகட்டில் உரசி அந்த வயர் ஷார்ட் ஆனால் கார் எரியும்.

பேஸ் கரகரக்கிறது, அல்லது எல்லாப் பாட்டிலும் ஒரே சுரம்

ஆம்பிலுள்ள கெயின் என்பது வால்யூம் குமிழ் அல்ல, வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. சப்பைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனை நீங்கள் கேட்கும் உச்ச வால்யூமில் ஓடவிட்டு, ஆம்பின் அவுட்புட்டில் ஏசி வோல்ட் பார்த்து வையுங்கள். ஆம்பின் வாட்டையும் சப்பின் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எவ்வளவு வோல்ட் என்று வரும். 300 வாட், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட். அதற்கு மேல் திருகினால் கரகரப்புதான்.

பேஸ் பூஸ்ட் பற்றி என் கருத்து கடுமையானது: பூஜ்யத்திலேயே இருக்கட்டும். பெரும்பாலான ஆம்புகளில் அது 45 ஹெர்ட்ஸைச் சுற்றி மட்டும் ஏற்றுகிறது. 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் 16 மடங்கு பவர் கேட்கும். ஆம்பிடம் அது இருக்காது. ஒரே சுரமாக ஊதுவதற்கும் இதுவே முதல் காரணம். அடுத்த காரணம் லோ பாஸ் 120, 150 என்று ஏறியிருப்பது. அதை 80-க்கு இறக்குங்கள்.

நம்பர் பிளேட், பார்சல் டிரே, டிக்கிக் கதவின் பிளாஸ்டிக் ஆகியவற்றின் நடுக்கத்தையும் கரகரப்பு என்று நினைப்பதுண்டு. டோனை மெதுவாக மாற்றிக்கொண்டே கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். நடுங்கும் இடத்தில் நுரை டேப், தகட்டில் பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ஒட்டுத் தாள்).

ஆம்ப் எழுவதில்லை, அல்லது பாட்டு மெதுவானதும் தூங்கிவிடுகிறது

ஸ்பீக்கர் வயரைக் கொண்டே தானாக எழும் ஆம்புகள், அந்த வயரில் ஓடும் சுமார் 6 வோல்ட் டிசியையோ பாட்டின் சிக்னலையோ பார்த்து எழும். இரண்டாவது வகை அமைதியான பகுதிகளில் அணைந்துவிடும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃப்யூஸிலிருந்து ஃப்யூஸ் டேப் வைத்து ரிமோட் வயரை (ஆம்பை எழுப்பும் வயர்) இழுத்துக் கொடுத்தால் தீர்ந்தது.

இன்ஜின் ரேஸோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை

எர்த்தை மறுபடி சுத்தம் செய்து இறுக்குங்கள். ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயரையும் பவர் வயரையும் காரின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுபோங்கள். பெரும்பாலும் இதிலேயே நிற்கும்.

பாட்டே இல்லாதபோது இன்ஜினோடு சேர்ந்து ஓர் உறுமல்

இன்ஜின் இரைச்சலை அடக்க, சில கார்களில் கூரையில் மைக் வைத்து எதிர் ஒலியை ஸ்பீக்கர் வழியாக அனுப்புகிறார்கள். அந்த எதிர் ஒலி தாழ்ந்த ஹெர்ட்ஸில்தான் இருக்கும். நாம் மாட்டிய சப் அதையும் வாங்கிப் பல மடங்கு பெரிதாக்கும். மைக் அதைக் கேட்டு இன்னும் அனுப்பும். சில வேகங்களில் காது அடைக்கும் அளவுக்கு உறுமலாகும், பாட்டின் பேஸையும் இதே ஏற்பாடு இரைச்சல் என்று நினைத்து அழிக்கும். வண்டியின் கையேட்டில் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஆம்பிலோ சப்பிலோ எதைத் திருகியும் பயனில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டு அந்த வசதியை நிறுத்த வேண்டும், அல்லது மைக்கின் கப்ளரைக் கழற்ற வேண்டும். இன்ஜின் சத்தம் உள்ளே கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.